கார்டு ஜகதீசனின் விசில் பல்

கார்டு ஜகதீசன் மைசூர் பிளாட்பாரத்தில் விசில் ஊதினால், நஞ்சன்கூட்டில் ஆற்றில் குளிக்கிறவர்கள் துணியை வாரிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடிவருவார்கள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். அசோகபுரம் வரைக்குமாவது கேட்கும்.

அந்த விசிலைக் கவ்விப் பிடிக்கும் முன்பற்கள் தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடத் தொடங்கின. ஈறு நோய், பல்லைத் தாங்கும் எலும்பே கரைகிறது என்றார்கள். ஈறைக் கீறிச் சுத்தம் செய்த டாக்டர் அனகா, "எலும்பு திரும்பப் பிடிக்குதான்னு எக்ஸ்ரேல தெரிய மாசக்கணக்காகும் சார். கரையற எலும்போட அடையாளம் எச்சில்ல முன்னாடியே தெரியுதான்னு சோதிச்சுப் பாக்கறோம். சிகிச்சைக்கு முன்னால எடுத்த எச்சில் எங்ககிட்ட இருக்கு. இனி ஒண்ணு, காலைல எழுந்ததும் பல் தேய்க்காம, தண்ணிகூடப் படாம, இந்தக் குப்பியில வேணும். அந்த அடையாளம் குறையாம, பல்லும் ஆடிட்டே இருந்தா, எடுத்துட வேண்டியதுதான்" என்றார்.

பல் போனால் விசிலில் வெறும் காற்றுதான் வரும். ஜகதீசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டியின் கடைசியில் தன் பிரேக் வேனில் உட்கார்ந்தால் நாக்கு தானாகப் போய்ப் பல்லைத் தள்ளிப் பார்க்கும். அதட்டினால் ஒரு ஸ்டேஷன் தூரம் அடங்கும்.

வீட்டில் வேறு கூத்து. குப்பியைக் குளிரில் வைக்க வேண்டும் என்றதும் மனைவி கனகலக்ஷ்மி ஃபிரிட்ஜுக்குக் குறுக்கே நின்றுவிட்டாள்.

"எச்சிலைப் பால் பக்கத்துலயா வெக்கறது? நன்னாயிருக்கே!"

"என் எச்சில்தானேடி."

"ஆமாம், பெரிய தீர்த்தம்! பல்லுகூடத் தேய்க்காம ஒரு பொண்ணு கையில குடுக்க வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

வெட்கமாகத்தான் இருந்தது. எச்சில் பட்ட டம்ளரையே பிறர் கண்ணில் காட்டாத வீடு. விடியற்காலையில் குழாயடியில் சத்தமில்லாமல் வாயை நன்றாகக் கொப்பளித்து, பளிங்கு மாதிரி ஊறியதைக் குப்பியில் பிடித்து, ஐஸ் போட்ட கூஜாவில் இறக்கி, பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

முடிவு வந்தது. அடையாளம் அநேகமாக இல்லவே இல்லை! முகம் மலர்ந்த டாக்டர் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். அது பழையபடியே ஆடியது.

"சார், வாய் கொப்பளிச்சீங்களா?"

"மரியாதைக்கு... கொஞ்சம்."

"அப்ப நான் உங்க மரியாதையைத்தான் சோதிச்சிருக்கேன். இதுல முக்கால்வாசி குழாய்த் தண்ணி!"

மறுபடி கொடுத்தார், ஊத்தை வாயோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு. முடிவு வரும்வரை கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்த நடையில் சாமராஜநகருக்கே போய்வந்திருக்கலாம்.

"முன்னைவிடக் குறைஞ்சிருக்கு சார். போன தடவை மாதிரி அதிசயமா இல்லை, ஆனா நிஜம். பல்லை இப்ப எடுக்க வேண்டாம். எக்ஸ்ரேயும் அதையே சொல்லுதான்னு அப்புறம் பாப்போம்."

மறுநாள் ஜகதீசன் ஊதிய ஊதலில் பிளாட்பாரத்துப் புறாக்கள் சாமுண்டி மலைக்கே குடிபோயின. வண்டி நஞ்சன்கூட்டில் நின்றதும் இறங்கி என்ஜினுக்கு ஓடினார்.

"சித்தையா, இன்னிக்கு விசில் எப்படி?"

டிரைவர் சித்தையன் டீயை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"விசிலா? இந்த என்ஜின் சத்தத்துல அது என்னிக்கு ஸ்வாமி என் காதுல விழுந்துச்சு? இத்தனை வருஷமா உங்க பச்சைக்கொடியைப் பாத்துல்ல வண்டிய எடுக்கறேன்!"