ஃப்ரிட்ஜுக்குள் பட்டுப்புடவை

ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வுக்கு என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் குளிர். லத்தீனில் குளிர்ந்த பொருளுக்கு 'ஃப்ரிகிதுஸ்' என்று பெயர். அதுதான் வாய்க்கு வாய் தேய்ந்து ஸ்பானிஷில் ஃப்ரீயோ, பிரெஞ்சில் ஃப்ருவா, இத்தாலியனில் ஃப்ரெட்டோ ஆனது. நம் ஃப்ரிட்ஜும் அதே குடும்பம்தான். ஒன்று படித்தால் மூன்று இலவசம். செம டீல்.

மாட்டுங்காவில் எங்களுக்கு ஸ்பானிஷ் எடுத்த மேடத்துக்கு இந்தக் கதை என்றால் உயிர். தேர்வு வைப்பதும் அவரே. பாஸானால் ஐரோலியில் ஸ்பானிஷ் கால் சென்டர் வேலை. ஃபெயிலானால் தாராவியில் மாமாவின் பேக் பட்டறையில் ஜிப் தைக்க வேண்டும். மாமா எனக்கு ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

முதல் கேள்வியை மேடம் ஸ்பானிஷில் கேட்டார். "உன் வீட்டு ஃப்ரிட்ஜில் என்னென்ன இருக்கு?"

உள்ளதை ஸ்பானிஷில் சொன்னேன். அம்மாவின் பட்டுப்புடவை, ரேஷன் கார்டு, என் டிகிரி, இரண்டு ஜோடி செருப்பு.

மேடம் கடுப்பில் தமிழுக்கு வந்துவிட்டார். "என்னடி இது? பால், முட்டை, தக்காளின்னு எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்! கேள்வியே புரியலையா?"

"புரிஞ்சுது மேடம். போன மழைல தண்ணி ஏறி ஃப்ரிட்ஜு செத்துப்போச்சு. கப்போர்டு வைக்க எங்க ஒத்த ரூம் கோலில எடமில்ல. இப்ப அதான் கப்போர்டு."

"கதை விடாதே."

நான் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"ஏட்டி, பரிச்சைல இருக்கேன்னு சொன்ன? அதுக்குள்ள ஃபெயிலா?"

"ம்மா, ஃப்ரிட்ஜத் தொறந்து மேடத்துக்குக் காட்டு."

"ஏன், எம் மானத்த வாங்கவா?" புலம்பிக்கொண்டே திறந்தாள். மேல்தட்டில் புடவை, கீழே செருப்பு, காய்கறி டிரேயில் என் டிகிரி.

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மறுபடியும் ஸ்பானிஷுக்குத் தாவினார். உள்ளே ஃப்ரீயோவா என்று அம்மாவிடம் கேட்டு, பதிலை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"ம்மா, உள்ள குளிருதான்னு கேக்காங்க."

அம்மா கையை விட்டுப் பார்த்தாள். "குளிரா? கரப்பாம்பூச்சிக்கே வேர்த்து ஊத்துது!"

இது எந்தப் பாடத்திலும் வரவில்லை. வியர்வைக்கு ஸ்பானிஷ் மறந்தே போனது. இரண்டு விரலைத் தலைக்கு மேல் கரப்பான்பூச்சி மீசை மாதிரி ஆட்டினேன். நெற்றியைத் துடைத்தேன், நாக்கைத் தொங்கப்போட்டேன். கடைசியில் எங்கிருந்தோ வார்த்தை வந்து விழுந்தது. "ஃப்ரீயோ இல்லை. இங்கே கரப்பான்பூச்சிகூட வியர்க்கிறது" என்று ஸ்பானிஷில் முழு வாக்கியமாகவே முடித்தேன்.

மேடம் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. "பாஸ் போ. மொதல்ல அந்தப் பட்டுப்பொடவையை வெளில எடுக்கச் சொல்லு."

போனில் அம்மா விடவில்லை. "பாஸா? அப்ப ஒங்க மாமா வாங்குன ஸ்டூலு?"

ஸ்டூல் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதில் ஏறித்தான் அம்மா ஃப்ரீசரை எட்டுகிறாள். ஸ்பானிஷ் சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது.