இருபத்துநாலு பவுண்டு ஞானம்

என் தங்கையின் கணவருக்கு ஞானம் பிறந்த இடம், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றின் மேல்மாடி. கீழே ஆட்கள் கியர் மாற்றப் பழகிக்கொண்டிருந்த நேரத்தில், மேலே இவர் பிறவியையே மாற்றிக்கொண்டு இறங்கி வந்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் ஒரு புன்சிரிப்பு. அப்படிச் சிரிப்பவர்களை நான் எங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன், மயக்க மருந்து முழுதாகத் தெளிவதற்கு முன்னால். நான் அங்கே சமையலறையின் மேற்பார்வை பார்ப்பவள். எனக்கு வாய் நீளம் என்று சொல்லிக்கொள்வார்கள், சொல்லட்டும்.

ஞானி ஆவதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தாரோ, அதைத்தான் இப்போதும் செய்கிறார். விளையாட்டுச் சாமான் விற்கும் தெருவில், ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வரவேண்டிய அளவில் ஒரு கடை. பேட்மின்டன் மட்டைகளுக்கு நரம்பு கட்டுவார். மேசைமேல் இருக்கும் இயந்திரத்தில் மட்டையைப் பூட்டி, நரம்பை ஓட்டை ஓட்டையாகக் கோத்து, கேட்ட அளவுக்கு இழுத்து முடிச்சுப் போட வேண்டும். அந்த இழுப்பைப் பவுண்டில் சொல்வார்கள். புதிதாகப் பழகுபவருக்கு இருபது போதும். கை தேர்ந்தவர்கள் இருபத்தாறு, இருபத்தெட்டு கேட்பார்கள். நரம்பு தளர்வாக இருந்தால் பந்து எகிறிப் பறக்கும், நினைத்த இடத்தில் விழாது. இறுக்கமாக இருந்தால் நினைத்த இடத்தில் விழும், ஆனால் அடிக்கிறவர் தோளில் வலு வேண்டும். தொழிலில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டக்காரர்கள் அடுத்த ஊரிலிருந்தெல்லாம் தேடி வருகிறார்கள்.

வாலிபத்தில் தானும் பெரிய ஆட்டக்காரராக வரப் பார்த்தவர்தான். தேர்வுப் போட்டியில் முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினார். அன்றைக்கு மட்டை சரியில்லை என்று கல்யாணத்தன்று எங்கள் அப்பாவிடம் சொன்னார். இன்றைக்கும் கேட்க ஆள் கிடைத்தால் சொல்கிறார். அதற்குப் பிறகு எதிலெல்லாமோ தலையைக் கொடுத்தார். கொஞ்ச காலம் பச்சை முட்டையாகக் குடித்துத் தண்டால் எடுத்தார், வீடே நாறியது. பிறகு தேனீ வளர்க்கிறேன் என்று பால்கனியில் பெட்டி வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் முகம் வீங்கி ஒரு வாரம் வெளியே வரவில்லை. எதையும் அளவோடு செய்யத் தெரியாத மனிதர். அவர் கையில் கடைசியாகச் சிக்கியது அளவு.

மேல்மாடியில் ஞாயிறுதோறும் தியானம் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். அன்றைக்கு அவர் ஒரு பழைய கதை சொல்லியிருக்கிறார். ஒரு பிக்கு ஞானம் வேண்டும் என்று பாதம் வெடித்து ரத்தம் வருகிற வரைக்கும் நடந்து நடந்து தியானம் செய்தாராம். புத்தர் அவரிடம் வந்து, நீ முன்பு வீணை வாசித்தவன் அல்லவா, நரம்பை ரொம்ப முறுக்கினால் நாதம் வருமா, ரொம்பத் தளர்த்தினால்தான் வருமா என்று கேட்டாராம். இறுக்கவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம், நடுப்பாதையில் போ என்பதுதான் கதை. நரம்பு என்ற சொல் காதில் விழுந்ததும் நம்முடையவருக்குப் புல்லரித்துவிட்டது. புத்தர் தன் தொழிலைப் பற்றித்தான் பேசியிருக்கிறார், அதுவும் தனக்காகவே பேசியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாளே வீட்டில் நடுப்பாதை திறக்கப்பட்டது. பாதை என்னவோ பாதியில் போய் நின்றது. காலையில் நாலு துண்டு ரொட்டி சாப்பிடும் என் தங்கைக்கு இரண்டு. குளிக்கப் பாதி வாளி வெந்நீர். கூடத்தில் இரண்டு விளக்கில் ஒன்றைக் கழற்றினார். என் தங்கை மழலையர் பள்ளியில் ஆயா. நாள் முழுக்க முப்பது பிள்ளைகளைத் தூக்கி இறக்குகிறவள். அவளுக்குப் பசிக்காதா? ஆனால் அவள் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவள். பசியைக் கவனித்துப் பார், அது வந்து போகிற ஒன்று என்று அவர் சொன்னால், இவளும் உட்கார்ந்து கவனித்துப் பார்ப்பாள். மூன்று மாதத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயிற்று.

அவருடைய தியான மெத்தை மட்டும் முழுசு. தேர்ந்தெடுத்து வாங்கிய உமி மெத்தை, அதன்மேல் கம்பளி விரிப்பு, பக்கத்தில் வெண்கல மணி. கடைக்குப் போகும் வழியில் பேக்கரியில் நின்று அவர் என்ன சாப்பிட்டார் என்பதையும் நான் விசாரித்து வைத்திருந்தேன். கிரீம் பன், அதுவும் பாதியாக வெட்டாதது. எதைக் கேட்டாலும் மூச்சை இழுத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அடுப்பில் பால் பொங்குகிறதா பாருங்கள் என்று இவள் குளியலறையிலிருந்து கத்துவாள். அவர் மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விட்டு, பொங்குகிறது என்று அமைதியாகச் சொல்வார். அதற்குள் பால் அடுப்பைத் தாண்டித் தரைக்கு வந்திருக்கும். இதைப் பார்த்து அவருக்கு நான் வைத்த பெயர் அரைஞானி.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக மாடியேறித் தபால்காரரைப் பார்த்துவிட்டேன். சண்டை போடத்தான் போனேன். அவர் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார், பெருக்கி முடித்துவிட்டுத்தான் பேசினார். ரொட்டி விஷயத்தைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“நடுப்பாதைன்னா பாதின்னு யாரும்மா சொன்னது? வீணையில எல்லா நரம்பையும் ஒரே மாதிரி முறுக்கிட்டா வாசிக்க முடியுமா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுருதி இருக்கு. பட்டினி கிடந்து எலும்பும் தோலுமா ஆன புத்தரே, யாரோ ஒரு பொண்ணு சாப்பாடு கொடுத்தப்ப வாங்கிச் சாப்பிட்டுட்டுத்தான் எழுந்தாரு. உங்க தங்கச்சியை நல்லா சாப்பிடச் சொல்லுங்க.”

அந்த மனிதர்மேல் எனக்கு எந்தக் கோபமும் வரவில்லை. எங்கள் சமையலறையிலும் அதே சங்கதிதான். சர்க்கரை நோயாளிக்கு ஒரு அளவு, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு அளவு. எல்லாருக்கும் சராசரி பார்த்துப் பரிமாறினால் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். இதை நான் அரைஞானியிடம் வந்து சொன்னேன். அவர் மூச்சை இழுத்தார், விட்டார்.

“அக்கா, நீங்க இன்னும் கோபத்துலயே இருக்கீங்க” என்றார்.

ரொட்டியோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் தங்கைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத் தினமும் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தேன், உடம்பும் தேறியது. ஆனால் அவர்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு. அப்பாவுக்கு வராத ஆட்டம் இவளுக்கு வந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓடுவாள், சாயங்காலம் கை நடுங்குகிற வரைக்கும் அடிப்பாள். அந்த வருடத் தேர்வுப் போட்டியில் ஜெயித்தால் விளையாட்டு விடுதியில் இடம். தங்குவது, சாப்பிடுவது, கல்லூரிப் படிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தோற்றால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அவள் வேறு எதையும் யாரிடமும் கேட்டதில்லை.

அவள் இருபத்தெட்டில் ஆடுகிறவள். மட்டைக்கு நரம்பு கட்டுவது எப்போதும் அப்பாதான். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்கு அவர்மேல் கண்மூடித்தனமான நம்பிக்கை. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் தன் இரண்டு மட்டைகளையும் அவரிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். காலையில் அரங்கத்துக்கு நானும் தங்கையும் மகளும் முன்னால் போனோம். அவர் தியானத்தை முடித்துவிட்டு, மட்டைகளை உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு, அவள் பெயரைக் கூப்பிடுகிற நேரத்துக்குச் சாவகாசமாக வந்து சேர்ந்தார்.

அவள் உறையைப் பிரித்து, உள்ளங்கையால் நரம்பைத் தட்டினாள். முகம் மாறியது. இரண்டாவதை எடுத்துத் தட்டினாள்.

“அப்பா, எவ்வளவுல கட்டுன?”

அவர் மூச்சை இழுத்தார். நடுவர் நாற்காலியில் ஏறிவிட்டார், எதிராளி களத்துக்குள் போய்விட்டாள், இவர் இன்னும் மூச்சை விட்டு முடிக்கவில்லை.

“இருபத்துநாலு. ரொம்ப முறுக்கிட்ட கண்ணு. ஜெயிக்கணுங்கற பிடிப்பு உனக்குத் துன்பம். கொஞ்சம் தளர்ந்து ஆடிப் பாரு, ஆட்டத்தையே உணருவ.”

அவள் மட்டையோடு உள்ளே ஓடினாள். வேறு மட்டை தேட நேரமில்லை. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் அவள் அடித்த பந்தெல்லாம் பின்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. வழக்கமாகக் கோட்டின்மேல் நூல் பிடித்தது போல் இறக்குகிறவள், ஒவ்வொரு பந்தும் வெளியே விழும்போது தன் கையையே திரும்பிப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். பார்வையாளர் மாடத்து நாற்காலியில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி, அதே புன்சிரிப்போடு உட்கார்ந்திருந்தார். அவரைக் கழுத்தைப் பிடித்துக் கீழே தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. மறைத்து என்ன ஆகப்போகிறது, தோன்றியது.

முதல் ஆட்டம் போனது. இடைவேளையில் எழுந்தவள் என் தங்கை. யாரிடமும் எதுவும் கேட்டறியாதவள், நாற்காலிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு ஓடி, முந்தின நாள் நரம்பு அறுந்து தோற்றுப்போய், புதிதாகக் கட்டி வாங்கிய மட்டையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒரு பெண்ணின் முன்னால் கையேந்தி நின்றாள். அந்தப் பெண் தயங்காமல் தன் மட்டையைக் கொடுத்தாள். அதன் பிடியில் கடைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அரைஞானியின் கையெழுத்து, இருபத்தெட்டு, முந்தின நாள் தேதி.

அதைப் பார்த்ததும் என் தங்கை அங்கேயே ஒரு கணம் நின்றுவிட்டாள். பின்னாலேயே போன நானும் பார்த்தேன். அதே இயந்திரம், அதே சாயங்காலம். வாடிக்கையாளர் கேட்ட இருபத்தெட்டை முணுமுணுக்காமல் கட்டிக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் பிடிப்பைப் பற்றியோ துன்பத்தைப் பற்றியோ அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. கடையில் உபதேசம் செய்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். போக வேறு இடம் இல்லாதவர்களுக்குத்தான் நடுப்பாதை.

இரவல் மட்டையோடு மகள் இரண்டாவது ஆட்டத்தை ஜெயித்தாள். மூன்றாவதில் கடைசி வரைக்கும் விடாமல் போராடினாள். ஆனால் முதல் ஆட்டத்தில் ஓடி ஓடிக் கால் சோர்ந்திருந்தது, பிடி வேறு கைக்குப் பழகாதது. இரண்டு புள்ளியில் தோற்றாள். விடுதி இடம் எதிராளிக்குப் போனது. வெளியே வந்ததும் அரைஞானி அவள் தலையில் கை வைத்து, வெற்றி தோல்வி ரெண்டும் வந்து போறதுதான் என்றார். பிறகு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தன்னுடைய அந்தப் பழைய தேர்வுப் போட்டிக் கதையை ஆரம்பித்தார். அன்றைக்கு மட்டை மட்டும் சரியாக இருந்திருந்தால் என்று மூச்சுகூட இழுக்காமல் கடகடவென்று சொன்னார். இத்தனை வருடமாகியும் அதை விட முடியாத மனிதர்தான் பிள்ளைக்குப் பிடிப்பை விடக் கற்றுக்கொடுத்தார். மகள் அவர் கையைத் தலையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, அம்மாவோடு போய் நின்றுகொண்டாள்.

அன்றைக்கு வீட்டில் என் தங்கை கழற்றி வைத்த விளக்கை எடுத்து மாட்டினாள். ஒரு முழு ரொட்டியை வெட்டி மேசைமேல் வைத்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நீங்க கவனிச்சுப் பாத்துக்கிட்டே இருங்க. நாங்க சாப்பிடறோம்” என்றாள்.

மகள் அழவுமில்லை, சண்டை போடவுமில்லை. அடுத்த வாரம் ஓட ஆரம்பித்துவிட்டாள். ஒரு சாயங்காலம் அவளோடு நானும் கடைத்தெரு பக்கம் போயிருந்தேன். அப்பாவின் கடையில் வாசலுக்குக் குறுக்கே கிடக்கும் பலகையைத் தூக்கிவிட்டு அவள் எப்போதும் நேராக உள்ளே போகிறவள். அன்றைக்குப் போகவில்லை. வெளியே நின்ற வரிசையில் கடைசி ஆளாகப் போய் நின்றாள். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, அண்ணே எனக்கு இருபத்துமூணு, அண்ணே எனக்கு இருபத்தாறு என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் தலை நிமிராமல் வாங்கி வாங்கி வைத்தார். இவள் முறை வந்தது. ஒரு சீட்டை எடுத்துத் தன் பெயரையும் அளவையும் எழுதி மட்டையில் கட்டி, பலகைமேல் வைத்தாள்.

“அண்ணே, இருபத்தெட்டு” என்றாள்.

அவர் நிமிர்ந்தார். புன்சிரிப்பைக் காணோம். மூச்சை இழுக்கிறாரா என்று பார்த்தேன், இழுக்கவில்லை. அவள் வேறு எங்கோ பார்த்தபடி, மற்ற வாடிக்கையாளர்களைப் போலவே காத்து நின்றாள். அவர் மட்டையை எடுத்து இயந்திரத்தில் பூட்டினார். இருபத்தெட்டு, துளி கூடவுமில்லை, குறையவுமில்லை.