ஸ்டிக்கர் ஒட்டிய மயில்

என் மனைவி சாந்திக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சட்டையில் குறை தெரிந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியாக எடுத்து வைப்பாள்; சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அது போகாது. அவள் கைப்பையிலும் அந்த ஸ்டிக்கர்கள் எப்போதும் கிடக்கும்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். பணம் கட்டிய அன்று, "ஊட்டுச் செலவு அத்தன கெடக்கறப்ப எனக்கெதுக்குங்க இதெல்லாம்?" என்று அவளே புலம்பினாள்.

இன்று தன் முதல் ஓவியத்தோடு வந்தாள். ஒரு மயில். அதன் உடம்பெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க சிரிக்கறீங்க? கழுத்து கோணலா இருக்குது. கால்ல கலர் வழிஞ்சிருக்குது. இது ரிஜெக்ட்டுங்க."

"செரி சாந்தி, இத எந்த பையருக்கு அனுப்பப் போற?"

அவள் மயிலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"யாருக்குமில்லீங்க. எனக்குத்தானுங்க."

பிறகு உட்கார்ந்து ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்தாள், காகிதம் கிழியாமல். வாலில் இருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

"இது நெசமாவே சரியில்லீங்க."

மயில் இப்போது ஹாலில் தொங்குகிறது. வந்து பாருங்கள். புதிதாகக் குறை மட்டும் கண்டுபிடிக்க வேண்டாம், செக்கிங் முடிந்துவிட்டது.