திராட்சத் தோட்டத்தைத் தாண்டிய வாசிப்பு

காலை ஆறே கால் மணி. ஜெப வீட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது மேசைமேல் கிடந்த பெரிய வேதப்புத்தகத்தின் சிவப்பு நாடாவை. முந்தின நாள் இஸ்ரவேல் ராஜாக்களின் கதையில் வைத்த நாடா, இப்போது துதிப்பாடல்களான சங்கீதங்களுக்கு நடுவே இருந்தது.

காய்ச்சலில் கிடந்த உடம்பு தேறட்டும் என்று மதுரைப் பத்திரிகை அலுவலகம் எனக்கு விடுப்புக் கொடுத்திருந்தது. கொடைக்கானலில் ஜெப வீட்டின் பின்னறையில் தங்கியிருந்ததால் காலை வாசிப்புக்குத் தப்ப முடியாது. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசிப்போம். ஓர் அதிகாரத்தைக்கூட விடக் கூடாது என்பது சபை மூப்பர் போட்ட சட்டம். முதல் ராஜாவில் தொடங்கி, ராஜாக்களை வைது தீர்த்த தீர்க்கதரிசிகள்வரை வந்திருந்தோம். பக்திக்கு அங்கே குறைவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம்தான் கிடையாது.

மூப்பருக்குத் தெரியாத ஒரு வழக்கம் இருந்தது. எழுத்துக் கூட்டவும் திணறுகிறவர்கள், மறுநாள் தங்கள் இடத்துக்கு எந்த வசனம் விழும் என்று முன்கூட்டியே எண்ணி, வீட்டில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி நெட்டுருப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்கள் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதாகவே மூப்பர் நம்பினார்.

அன்று வர வேண்டியது ராஜா அடுத்தவனுடைய திராட்சத் தோட்டத்துக்கு ஆசைப்படுகிற அதிகாரம். தோட்டக்காரன் மறுக்கிறான். பொய்ச்சாட்சி வைத்து அவனைக் கொல்கிறார்கள். தீர்க்கதரிசி வந்து ராஜாவை முகத்துக்கு நேரே சபிக்கிறார்.

மூப்பர் அதைத் தாண்டிய காரணம் அங்கே யாருக்கும் ரகசியமல்ல. ஜெப வீட்டை ஒட்டி ஒரு விதவையின் உருளைக்கிழங்கு நிலம் இருந்தது. சீசனுக்கு வரும் துரைமாருக்கு வாடகைக்கு விட, அதில் பங்களா கட்ட அவர் ஆசைப்பட்டார். அவள் விற்கவில்லை. அவள் புருஷன் சாகும்போது நிலத்தை ஜெப வீட்டுக்கு வாய்ச்சொல்லாகக் கொடுத்துவிட்டான் என்று ஒரு கதையைக் கிளப்பினார். காதால் கேட்ட இரண்டு பேர் வந்து சொன்னால்தான் ஆயிற்று என்றார் மணியக்காரர். ஒரு பங்களா பட்லரும், மூப்பரின் லாயத்தில் குடியிருந்த குதிரைக்காரனும் வருகிற புதன்கிழமை அவரிடம் சொல்லச் சம்மதித்திருந்தார்கள். இருவரும் வட்டத்தில் இருந்தார்கள். விதவையும் இருந்தாள்.

"இன்னிக்கு ஒரு ஆறுதல் சங்கீதம்" என்று சொல்லி மூப்பர் முதல் வசனத்தை வாசித்தார்.

அடுத்தவள் ஒரு கிழ ஆயா. புத்தகத்தைப் பார்த்தபடியே, தோட்டத்தை எனக்குக் கொடு என்று ராஜா கேட்கிற வசனத்தைக் கணீரென்று சொன்னாள்.

"அது இல்லம்மா. சங்கீதத்தைப் படிங்க."

"எனக்கு இதுதான் வருது, ஐயா. நேத்துலருந்து இதத்தான சொல்லிக்கிட்டுக் கெடக்கேன்!"

விதவை சிரித்தாள். "ஏன் மூப்பரே, நேத்து வாசிப்புல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனாரே ராஜா, அவருக்கு இன்னிக்கு மேலுக்குச் சொகமில்லையா? கதைக்கு வரலையே?"

"ஜெப வீட்டுல பரியாசம் பண்ணாதம்மா."

"பண்ணல. என் பங்கச் சொல்லிப்புடுறேன்." முன்னோர் சொத்தைத் தரமாட்டேன் என்று தோட்டக்காரன் மறுக்கிற வசனத்தை, மூப்பரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தாள்.

பட்லர் சங்கீதத்தைச் சரியாக வாசித்தார். நானும் மற்றவர்களும் அப்படியே. கடைசியில் கதவோரம் இருந்த குதிரைக்காரன் எழுந்தான். அவனுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. முந்தின நாள் மகன் சொல்லிக்கொடுத்த வசனத்தை ஒரே மூச்சில் ஒப்பித்தான். பேலியாளின் மக்கள் இரண்டு பேரைத் தோட்டக்காரனுக்கு எதிரே சாட்சிக்கு உட்காரவையுங்கள் என்ற உத்தரவு அது.

"பேலியாளின் மக்கள்னா யாருன்னு தெரியுமாலே?" என்றாள் விதவை.

"தெரியாது ஆத்தா."

"உருப்படாத பயலுக. ரெண்டு பேரு. எண்ணிப் பாத்துக்க."

அவன் பட்லரைப் பார்த்தான். பட்லர் புத்தகத்தை மூடினார். மூப்பர் ஜெபத்தை இரண்டே வரியில் முடித்தார். யாரும் ஆமென் சொல்லவில்லை.

வாசலில் மூப்பர் குதிரைக்காரனை மறித்தார். "புதங்கெழமை வெள்ளனே வந்துரு. லாயத்துல இருக்கணுமா, வேண்டாமா?"

"பெருமாள்மலையில சோலி கெடக்குங்க. லாடம் அடிக்கணும்."

"அத மறுநா அடிச்சா ஆகாதோ?"

அவன் படியிறங்கிப் போனான்.

புதன்கிழமை மணியக்காரர் வீட்டுக்கு மூப்பருடன் பட்லர் மட்டும் போனார்.