அத்தையின் குள்ளர்கள்

எங்கள் குடும்பத்தில் ஒரு ராஜ்ஜியத்தைப் பிடித்த ஆள் அத்தை மட்டும்தான். தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிடித்தாள். பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் என்பதால் இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். முன்னறை, அடுப்படி, இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் மட்டும் படுக்கிற அளவுக்கு ஓர் இடம். அந்த இடம் அத்தைக்கு. அப்பாவின் தங்கை அவள். டிப்ளமோ முடித்த கையோடு திண்டுக்கல் பக்கத்திலிருந்து அப்பா அவளை அழைத்து வந்து, வண்டிகளுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்க்கும் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டிருந்தார். வந்த மூன்றே வருடத்தில் லைன் லீடர் ஆகிவிட்டாள். முப்பது பெண்கள் வரிசையாக நின்று ஒயர் கட்டுவார்கள்; அந்த வரிசைக்கு அவள் பொறுப்பு. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. தோசை சுடும்போது மாவுக் கரண்டி வலது பக்கம், எண்ணெய் இடது பக்கம் என்று இடம் மாற்றி வைப்பாள். அம்மாவுக்கு எரிச்சல் வரும். ஆனால் தோசை சீக்கிரம் வந்துவிடும்.

டிவியில் மாட்டி ஆடுகிற அந்தக் கேம் பெட்டி எங்களுடையது அல்ல. மாடியில் குடியிருந்த வீட்டு ஓனரின் மகனுடையது. வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ், காய்கறி வண்டிக்காரரிடம் கன்னடம் என்று பேசுகிற குடும்பம் அது. அந்த அண்ணன் இன்ஜினியரிங்கில் வைத்த அரியர்களுக்கெல்லாம் இந்தப் பெட்டிதான் காரணம் என்று அவன் அம்மா முடிவு கட்டியிருந்தார். ஒரு வழியாகப் பாஸாகி பெங்களூரில் வேலைக்குக் கிளம்பியபோது, பெட்டி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். அதனால் அது மாடியிலிருந்து இறங்கி எங்களிடம் வந்தது. நல்ல டிஸ்குகளை எல்லாம் அவன் நண்பர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போயிருந்தார்கள். யாரும் சீண்டாத ஒன்று மட்டும் பெட்டிக்குள்ளேயே மிஞ்சிக் கிடந்தது.

அதில் கார் பந்தயம் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஒரு கோட்டை, ஒரு தங்கச் சுரங்கம், தாடி வைத்த ஐந்து குள்ளர்கள். குள்ளர்கள் தங்கம் வெட்டி மூட்டை கட்டிக் கோட்டைக்குச் சுமந்து வருவார்கள். அந்தத் தங்கத்தைக் கொண்டு இன்னும் சில குள்ளர்கள், பிறகு வில்லாளிகள், கடைசியில் ஒரு டிராகன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பச்சைப் பூதங்களின் கோட்டை. யார் கோட்டை முதலில் எரிகிறதோ அவர் தோற்றார். சதுரங்கத்தைப் போல நீ ஒரு காய், நான் ஒரு காய் என்று காத்திருக்கிற ஆட்டமில்லை. நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பூதங்கள் நடந்து வந்துகொண்டிருக்கும். என் கோட்டை ஐந்து நிமிடம் தாங்கினால் அதிகம்.

அத்தைக்கு முதல் ஷிஃப்ட். மூன்று மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு நான் தோற்பதைப் பார்த்தபடி சாப்பிடுவாள். ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள், "மருமகளே, உன் ஆளுகள்ல பாதிப் பேரு சும்மா நிக்கிறாங்க பாரு" என்றாள். நான் டிராகன் கனவில் இருந்ததால் அதைக் கவனித்ததே இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "கொண்டா அதை" என்று வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ராஜ்ஜியத்தின் நிலைமை மாறிப்போனது. அத்தைக்கு வில்லாளிகள் மேலும் டிராகன் மேலும் பெரிய மரியாதை கிடையாது. குள்ளர்கள்தான் எல்லாம். சுரங்கத்திலிருந்து கோட்டைக்கு நடக்க ஒரு குள்ளனுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று செல்போனை வைத்து அளந்தாள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டுக் குறித்தாள். சுரங்க வாயில் மூன்று பேர் சேர்ந்தால் நாலாவது ஆள் காத்து நிற்கிறான், அதனால் இரண்டு பேரை மரம் வெட்ட அனுப்பு என்பாள். எனக்கு ஆன நேரத்தில் பாதியிலேயே இரண்டு மடங்கு தங்கம் வந்தது. ஒரு மாதத்தில் அவள் மிகக் கடினமான கட்டத்தையும் தாண்டிவிட்டாள். அப்படி ஒரு திறமையை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை.

இரண்டே இரண்டு விஷயங்களில்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை வரும். ஒன்று, எப்போதும் ஒரு குள்ளனைச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வேலை கொடுக்காமல் நிற்க வைப்பாள். கேட்டால் அவன் ரிலீவர் என்பாள். அவர்கள் கம்பெனியில் லைனில் நிற்கிற பெண் பாத்ரூம் போக வேண்டும் என்றால், அந்த இடத்தில் வந்து நிற்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர் ரிலீவர். "குள்ளனுக்குப் பாத்ரூம் வராது அத்தை" என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும், ஒரு ஆள் கூட நிக்கட்டும்" என்பாள்.

இரண்டாவது, கோட்டை மணி. ஒரு பட்டனை அழுத்தினால் மணி அடிக்கும். குள்ளர்கள் எல்லோரும் மூட்டையைப் போட்டுவிட்டுக் கோட்டைக்குள் ஓடி ஒளிந்துகொள்வார்கள். ஆனால் தங்கம் வருவது நின்றுவிடும். பூதங்கள் நேராகக் கோட்டையை இடிக்க வரும். கெட்டிக்காரர்கள் அந்தப் பட்டனைத் தொடமாட்டார்கள். அத்தையோ தூரத்தில் ஒரு பூதத்தின் தலை தெரிந்தாலே மணி அடித்துவிடுவாள். செத்தால் என்ன, பத்து வினாடியில் வேறொரு குள்ளன் வந்துவிடுவானே என்று நான் கத்துவேன். "வர்றவன் வேற ஆளுல்ல புள்ள" என்பாள். அத்தனை ஆட்டத்தில் அவள் ஒரு குள்ளனைக்கூடப் பறிகொடுத்ததில்லை.

மாதம் ஒரு முறை ஊருக்கு வரும் ஓனர் வீட்டு அண்ணனிடம் இதையெல்லாம் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். எங்கே சும்மா இருந்தேன்? அத்தையை அடிக்க ஆளே இல்லை என்று மாடிப்படியில் நின்று சவால் விட்டேன். அவன் நண்பர்களோடு புதிதாக வீடு எடுத்திருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியை அங்கே எடுத்துப்போகப் போவதாகச் சொன்னான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துச் சிரித்தான். "சரி, உங்க அத்தை என்னை ஜெயிச்சா பெட்டி இங்கயே இருக்கட்டும். நான் புதுசு வாங்கிக்கிறேன்" என்றான். தோற்போம் என்ற எண்ணம் அவனுக்குத் துளியும் இல்லை.

அந்த வாரம் அத்தைக்கு வேறொரு கவலை இருந்தது. ஆர்டர் குறைந்துவிட்டதாம், லைனில் எட்டுப் பேரை வேலையை விட்டு நிறுத்த வேண்டுமாம். யார் யார் என்று எழுதி திங்கட்கிழமை கொடுக்கும்படி கம்பெனியில் மேலே இருந்தவர்கள் அவள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அப்பாவும் அவளும் முன்னறையில்தான் பேசினார்கள். நான் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு எப்போது பேச்சு முடியும் என்று காத்திருந்தேன்.

"எல்லாரும் நான் வேலை கத்துக் குடுத்த பிள்ளைகண்ணே. யாரை வேண்டாம்னு எழுதுறது?"

"நீ எழுதலேன்னா இன்னொருத்தன் எழுதுவான். அதுல உன் பேரையும் சேத்து எழுதுவான்" என்றார் அப்பா. அவர் கெட்டவர் இல்லை. இருபது வருடமாகக் கம்பெனிகளைப் பார்த்தவர். எட்டுப் பெயரைக் கொடுத்தால் மீதி இருபத்திரண்டு பேரோடு அவளும் தப்பிப்பாள் என்பது அவர் கணக்கு. எனக்கு என் பெட்டி போய்விடுமே என்ற கவலை. அவள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பழகாமல் இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறாளே என்று கோபமாகக்கூட இருந்தது.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. டிவி நடுவில் ஒரு கோடு. இடது பாதி அத்தைக்கு, வலது பாதி அண்ணனுக்கு. ஓனர் ஆன்ட்டி கீழே இறங்கி வந்து நிலைப்படியில் நின்றுகொண்டார். மகன் தோற்றால் பெட்டி அவனை விட்டு ஒழியும் என்பதால் அவர் எங்கள் பக்கம். அண்ணன் ஆரம்பத்திலிருந்தே பூதங்களாகப் பெற்றுத் தள்ளினான். அத்தை வழக்கம்போலக் குள்ளர்களை வரிசைப்படுத்தினாள். கடிகாரம் போல வேலை நடந்தது. யாரும் யாருக்காகவும் காத்து நிற்கவில்லை. ரிலீவர் தன் இடத்தில் சும்மா நின்றான். அண்ணன் அவனைப் பார்த்துவிட்டு, "இது யாரு, சூப்பர்வைசரா?" என்று கேட்டுச் சிரித்தான்.

இருபது நிமிடத்தில் அத்தையின் டிராகன் முட்டையிலிருந்து வந்துவிட்டது. அதே நேரத்தில் அண்ணன் தன்னிடம் இருந்த பூதங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் திரட்டி ஆற்றைக் கடந்து அனுப்பினான். திரையின் ஓரத்தில் பச்சைத் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. "மணி அடி அத்தை!" என்று நான்தான் முதலில் கத்தினேன்.

அவள் கட்டைவிரல் அந்தப் பட்டன் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. அந்த நேரத்தில் அவள் என்ன கணக்குப் போட்டாள் என்பது அடுத்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஆட்டத்தில் நானும் அவ்வளவு தேறியிருந்தேன். யார் அனுப்பினாலும் பூதங்கள் முட்டாள்கள். கண்ணில் பட்டவனைத்தான் முதலில் அடிக்கும். குள்ளர்கள் வெளியே இருக்கும்வரை கோட்டையைத் தொடாது. அங்கே அண்ணனின் கோட்டையில் காவலுக்கு ஒரு பூதம்கூடக் கிடையாது. டிராகன் ஆற்றைத் தாண்ட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குக் குள்ளர்கள்தான் விலை.

டிராகன் ஆற்றைப் பார்த்துக் கிளம்பியது. குள்ளர்களுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் மணி அடிக்கவில்லை என்பதால் மூட்டையைச் சுமந்தபடி கோட்டைக்கும் சுரங்கத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார்கள். பூதங்கள் வந்து ஒவ்வொருவராக அடித்தன. சுரங்க வாயில் ஓர் இடம் காலியானதும், பழகிப்போன கை, அத்தையின் விரல் தானாகவே ரிலீவரைத் தட்டி அந்த இடத்துக்கு அனுப்பிவிட்டது. அவனும் தோளில் கோடரியை வைத்துக்கொண்டு குடுகுடுவென்று ஓடினான். அவன்தான் கடைசி. அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலது பக்கத்தில் பூதக் கோட்டை எரிய ஆரம்பித்தது.

"அயிப்போயிந்தி" என்றான் அண்ணன். முடிந்தது என்று அர்த்தம். தோற்கும்போது மட்டும் அவனுக்குத் தெலுங்கு வரும். பிறகு அத்தையைப் பார்த்து, "அக்கா, செம மூளை உங்களுக்கு" என்று மனதாரச் சொன்னான். ஆன்ட்டி கைதட்டினார். நான் முன்னறையைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். பெட்டி என்னுடையது. அத்தை கன்ட்ரோலரைத் தரையில் மெதுவாக வைத்தாள். உள்ளங்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, யாருக்கெல்லாம் டீ என்று கேட்டாள்.

திங்கட்கிழமை அவள் அந்தக் காகிதத்தை ஒரு பெயரும் எழுதாமல் திருப்பிக் கொடுத்தாள். அப்பா சொன்னது அப்படியே நடந்தது. வார முடிவில் வேறொருவர் கையெழுத்தில் எட்டுப் பெயர்கள் வந்தன. ஒன்பதாவதாக அவள் பெயர். அப்பா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அதற்குக் கைதட்டவில்லை. அத்தி­ப்பள்ளி தாண்டி ஒரு கம்பெனியில் சாதாரண ஆபரேட்டராகச் சேர்ந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்கினாள். எட்டுப் பேரில் ஒருவரைக்கூட அவளால் காப்பாற்ற முடியவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்த வெற்றுக் காகிதத்தை நீட்டிய கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நான் வேலைக்குப் போன பிறகு, ஏன் அத்தை எழுதவில்லை என்று ஒரு முறை கேட்டேன். "டிவியில செத்த பொம்மைக்கே எனக்கு அப்படி இருந்துச்சு புள்ள" என்றாள்.

ஒன்பது வயதில் நான் இதையெல்லாம் எங்கே கேட்டேன்? அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவள் பெட்டியைத் தொடவே இல்லை. பஸ் பயணம் நீளமாகிவிட்டது, களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஆடாவிட்டால் என்ன, அவள் புகழைப் பரப்ப நான் இருந்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் உட்கார வைத்து, எங்கள் அத்தை மணி அடிக்காமல் எல்லாக் குள்ளர்களையும் வெளியே விட்டு எப்படி ஜெயித்தாள் என்று நடித்துக் காட்டுவேன். ரிலீவர் ஓடியதை ஓடிக் காட்டுவேன்.

ஒரு மாதம் கழித்து, நிறுத்தப்பட்ட எட்டுப் பேரில் ஒரு அக்கா வந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊர். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, பையோடு பஸ்ஸுக்குப் போகும் வழியில் அத்தையிடம் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. சிரிக்க வைக்கலாம் என்று நடுவில் போய் நின்று கதையை ஆரம்பித்தேன். அந்த அக்கா ஆசையாகத்தான் கேட்டாள். பூதங்கள் ஆற்றைக் கடந்த இடம் வந்ததும் அத்தை சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். புகழ்ந்தால் கூச்சம் அவளுக்கு என்று நினைத்தேன். உள்ளேயும் கேட்கட்டும் என்று, குள்ளர்கள் ஒவ்வொருவராக விழுந்ததை இன்னும் சத்தமாகச் சொன்னேன்.