கயிற்றில் என் சாரம்

சண்டைக்குப் பயந்து உப்புவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் தங்கியிருந்தபோது மகளுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனைவி காய்ச்சலில் படுத்துவிட்டாள். நான் உடுத்தும் பச்சைக் கட்டம் போட்ட சாரத்தைக் கிழித்துப் பிள்ளைக்கு இடுப்புத்துணியாகக் கட்டினேன். துவைப்பதும் என் வேலையாயிற்று.

கிணற்றடியில் பெண்கள் போன பிறகுதான் துவைப்பேன். வெளியே காயப்போட்டால் என் சாரம் என்றும், துவைப்பது நான்தான் என்றும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் வகுப்பறைக்குள், கரும்பலகைக்குப் பின்னால் காயப்போட்டேன். ஈரம் முழுதாகப் போகாமலே திரும்பக் கட்டினேன். சில நாட்களில் பிள்ளையின் தொடை சிவந்து தோலுரிந்தது. தொட்டாலே வீரிட்டு அழுதாள்.

பக்கத்துப் பாயில் இருந்த மூதூர் முஸ்லிம் பெண் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

“வெயில் படாத துணி, தம்பி. வெளிய போடுங்க.”

“ஏலாது அக்கா. ஆக்கள் பாப்பினம்.”

“பாக்கட்டுமே! புள்ளைட வாப்பா எண்டு சொல்லுவாங்க. வேற என்ன சொல்லப் போறாங்க?”

மறுநாள் காலை முற்றத்தில் கயிறு கட்டி எல்லாவற்றையும் வெயிலில் போட்டேன். தலை நிமிராமல் அங்கேயே நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. மத்தியானம் வேறொரு தகப்பன் அலசிய பிள்ளைத்துணிகளோடு வந்தார்.

“அண்ணை, கயித்தில கொஞ்சம் இடம் இருக்கோ?”

“ஓம், போடுங்கோ” என்று என் துணிகளை நெருக்கிவிட்டேன்.

மகளின் புண் ஒரு கிழமையில் ஆறிவிட்டது. அந்த மனிதர் அதுவரை எங்கே காயப்போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது.