எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பும் என் நெற்றியும்

எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். ஸ்ரீரங்கத்தில் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, துவாக்குடி பஸ்ஸில் இடிபட்டு லேபுக்கு வருவதற்குள் பாதிப் பேரைத் திட்டி முடித்திருப்பேன். மீதிக்கு ஆராய்ச்சி மாணவர்கள் இருந்தார்கள். அங்கே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஓட்டுகிறவன் நான்.

வையம்பட்டிப் பெண் ஒருத்தி நெல் உமியை எரித்து, அதிலிருந்து சுத்தமான சிலிக்கா எடுத்திருந்தாள். பித்தான் அளவு உலோக வட்டு, அதன்மேல் கறுப்பு டேப், அதில் ஒரு சிட்டிகை தூள். மின்சாரம் கடத்தாத பொருள் என்பதால் மெல்லிசாகத் தங்கம் பூசுவோம். இல்லாவிட்டால் எலக்ட்ரான்கள் மேலேயே தேங்கி, படம் வெளுத்துப்போகும். பிறகு மெஷினுக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். சன்னமான எலக்ட்ரான் கற்றை, களம் பெருக்குகிற மாதிரி வரிவரியாகத் தூள்மேல் நகரும். பட்ட இடத்திலிருந்தும் எலக்ட்ரான்கள் தெறிக்கும். நிறையத் தெறித்தால் வெளிச்சம், குறைந்தால் இருட்டு. புள்ளி புள்ளியாகச் சேர்ந்து படமாகும். நிறமெல்லாம் கிடையாது.

அவள் படத்தில் உருண்டை உருண்டையான சிலிக்காவுக்கு நடுவே தட்டையாக ஏதோ கிடந்தது. என்ன தனிமம் என்று காட்டும் கருவி, அலுமினியம் என்றது.

"அலுமினியச் சட்டியில வறுத்தியாம்மா? இது லேபா, உங்க வீட்டு அடுப்படியா?"

"இல்ல சார், பீங்கான் கிண்ணத்துலதான்..."

மூன்று தடவை கொண்டுவந்தாள். மூன்று தடவையும் அலுமினியம். "சாம்பிளில் அழுக்கு" என்று அவள் கைடுக்கு மெயில் தட்டிவிட்டேன். அவரோ ஆறு மாத வேலையையும் முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார். அவளுக்கு ஸ்காலர்ஷிப் முடிய இரண்டே மாதம் இருந்தது.

மறுபடி வந்து நின்றாள். "சார், இது ஒண்ணை மட்டும் பாத்துடுங்க."

கோபத்தில் எதையும் சரியாகக் கவனிக்காமல், முனகிக்கொண்டே டேப்மேல் குனிந்தேன், தங்கம் பூசினேன், உள்ளே வைத்தேன். திரையில் அதே தட்டை, அதே அலுமினியம்.

"பாத்தியா! இதுலயும் உன் அழுக்கு!"

"கோவிச்சுக்காதீங்க சார். இதுல நான் தூளே போடலை. வெறும் டேப்புதான்."

நான் மெஷினைப் பார்த்தேன். அவள் என் நெற்றியைப் பார்த்தாள்.

"ஏசி ரூம்ல காஞ்சு, நீங்க குனியறப்போ உதிருது சார். போன தடவையே பாத்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

பெருமாளே! திருமண் வெள்ளைக் களிமண்தானே, களிமண்ணில் அலுமினியம் இல்லாமலா இருக்கும்? இதற்கு முன் எத்தனை பேர் ஆராய்ச்சிக்குள் என் நெற்றி புகுந்திருக்கிறதோ! வெட்கத்தில் நெற்றியைக் கையால் மூடிக்கொண்டேன்.

"உங்க பெருமாளுக்கு எங்க ஊர் உமி ரொம்பப் புடிச்சுப்போச்சு போல சார்" என்றாள். சிரிக்காமல் என்ன செய்வது?

தலையிலும் நெற்றியிலும் துணித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் தூளைப் புதிதாக வைத்துத் திரும்பப் படம் எடுத்தேன். வெறும் உருண்டைகள். கண்ணாடி மாதிரி சுத்தம். உடனே கைடுக்கு மெயில் எழுதினேன். "எதிர்பாராத சூழ்நிலைக் காரணங்களால், துகள் கலப்பு நேர்ந்திருக்கலாம்" என்று ஆரம்பித்துப் பத்து வரி. அவளிடம் பெருமையாகக் காட்டினேன்.

படித்தாள். இப்போது கேலி இல்லை. "என்னைப் பத்தி எழுதறப்போ ரெண்டே வார்த்தைதான் சார் எழுதினீங்க."

சுருக்கென்றது. பத்து வரியையும் அழித்துவிட்டு அடித்தேன்: "அவர் சுத்தமாகத்தான் கொண்டுவந்தார். அழுக்காக்கியது நான்."